"என்னால் முடியும்" என்று சொன்னால் ஏன் இன்னும் பயமாக இருக்கிறது?

வாசகியின் கேள்வி, 2 பிப்ரவரி, காலை

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். இது மூன்றாவது முறை. போன தடவை கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டேன். கோச்சிங் சென்டரில் தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று "நான் வெற்றியாளர், என்னால் முடியும், இந்த வருடம் அரசு வேலை எனக்குத்தான்" என்று சத்தமாகச் சொல்லச் சொல்கிறார்கள். சொல்லி முடித்ததும் உள்ளுக்குள் இன்னொரு குரல் "பொய் சொல்லாதே" என்கிறது. அன்று முழுக்கப் படிப்பு ஓடுவதில்லை. எல்லோருக்கும் பலிக்கிறது, எனக்கு மட்டும் ஏன் இப்படி? நான் எதையாவது தப்பாகச் செய்கிறேனா அக்கா?

2 பிப்ரவரி, இரவு

தங்கச்சி, நீ எதையும் தப்பாகச் செய்யவில்லை. அந்த வாசகம்தான் உனக்குப் பொருந்தவில்லை.

நானும் குரூப் 4 எழுதி வருவாய்த் துறையில் சேர்ந்தவள். இப்போது விடுமுறை நாட்களில் எங்கள் ஊர் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு உட்காருகிறேன். நீ கேட்டதை அங்கே நிறையப் பேர் மனசுக்குள் வைத்திருக்கிறார்கள். வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். "எல்லோருக்கும் பலிக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். உன் பக்கத்தில் நின்று உன்னைவிடச் சத்தமாகச் சொல்கிறவளுக்கும் உள்ளே அதே குரல் ஓடிக்கொண்டிருக்கலாம்.

"இந்த வருடம் வேலை எனக்குத்தான்" என்பதை எப்படி நம்ப முடியும்? காலியிடம் எத்தனை, கட்-ஆஃப் எங்கே நிற்கும், கேள்வித்தாள் எப்படி வரும், எதுவும் உன் கையில் இல்லை. கையில் இல்லாத ஒன்றை அடித்துச் சொன்னதும் மனசு ஆதாரம் கேட்கிறது. தேடிப் போனால் கிடைப்பது போன தடவை மார்க், கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் கேட்ட கேள்வி, அன்று அம்மாவின் முகம். காலை ஆறு மணிக்கே இத்தனையையும் பார்த்துவிட்டு உட்கார்ந்தால் படிப்பு எப்படி ஓடும்?

நாளைக்கு வேறு மாதிரி சொல்லிப் பார். ஓர் உதாரணம் தருகிறேன், உன் நிலவரத்தை வைத்து நீயே மாற்றிக்கொள்: "திறனறிவில் 25 கேள்வி. போன தடவை அங்கேதான் மார்க் போனது. தனிவட்டி இப்போது போட வருகிறது. இன்றைக்குச் சதவீதம்." இதில் மறுத்துப் பேச உள்ளே இருக்கும் குரலுக்கு ஒன்றும் கிடைக்காது.

3 பிப்ரவரி, மதியம்

இதெல்லாம் உங்கள் சொந்தக் கருத்தா, ஆய்வு ஏதாவது உண்டா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட் என்ற உளவியலாளர் கூட்டாளிகளோடு 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். "நான் அன்புக்குரிய மனிதர்" என்ற வாக்கியத்தைச் சிலரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். தன்னைப் பற்றி ஏற்கெனவே நல்ல எண்ணம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. தன்னைத் தாழ்வாக நினைப்பவர்களுக்கோ, அதைச் சொல்லாமல் இருந்தவர்களைவிட மனநிலை கீழே போனது. யாருக்கு இந்தப் பயிற்சி தேவை என்று நினைக்கிறோமோ அவர்களையே அது குத்தியது.

எனக்குப் பிடித்தது அதே ஆய்வின் இன்னொரு பகுதி. அந்த வாக்கியம் எந்தெந்த வகையில் உண்மை என்று மட்டும் யோசிக்கச் சொன்னபோது தாழ்வாக நினைப்பவர்கள் திணறினார்கள். எந்த வகையில் உண்மை, எந்த வகையில் இல்லை என்று இரண்டையும் யோசிக்க விட்டபோது அவர்கள் நிலை மேலாக இருந்தது. சந்தேகத்துக்கும் உட்கார ஓர் இடம் கொடுத்தால் மனசு அவ்வளவு முரண்டு பிடிப்பதில்லை.

3 பிப்ரவரி, இரவு

கண்ணாடி முன் நின்று சொல்லும் வழக்கத்துக்கு ஒரு முன்னோடி இருக்கிறார், அவரைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். எமில் கூவே, 1857இல் பிறந்த பிரெஞ்சு மருந்தாளர். த்ருவா நகரில் மருந்துக்கடை வைத்திருந்தார். மருந்தைக் கொடுக்கும்போது அதைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னால் வாங்கிப் போகிறவருக்குக் குணம் கூடுதலாகத் தெரிகிறது என்று கவனித்தார். பிறகு நான்சி நகரில் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தார்: ஒவ்வொரு நாளும் எல்லா வகையிலும் நான் மேலும் மேலும் நலமாகிறேன். காலையிலும் இரவிலும் 20 தடவை. எண்ணிக்கை தப்பாமல் இருக்க 20 முடிச்சுப் போட்ட கயிறு. 1920களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவரைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது.

அவர் போட்ட நிபந்தனை ஒன்றை இன்றைக்கு யாரும் சொல்வதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லக் கூடாது, முயற்சியே இல்லாமல் மெல்லிய குரலில் சொல்ல வேண்டும் என்றார். மன உறுதியும் கற்பனையும் மோதினால் ஜெயிப்பது கற்பனைதான் என்பது அவர் கொள்கை. நெஞ்சை நிமிர்த்தி "வெற்றியாளர்" என்று கத்தும்போது உனக்குள் தோற்ற காட்சி ஓடுகிறதே, அந்த மோதலைத்தான் அவர் வேண்டாம் என்றார். வாக்கியத்தை எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிட்டோம்.

5 பிப்ரவரி

எனக்குள் ரொம்ப நாள் ஓடிய குரல் என்னுடையதே இல்லை. என் அத்தையுடையது. "உனக்கெங்கடி கணக்கு வரப்போகுது" என்று எட்டாம் வகுப்பில் சொன்னவர். கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் முதலில் கஞ்சியோடு வந்து நிற்பவரும் அவர்தான். அவர் சொன்னது ஒரு சாயங்காலப் பேச்சு. அதை வாங்கிப் பல வருடம் தினமும் திருப்பிச் சொல்லிக்கொண்டவள் நான். கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே அந்த வரி அவர் ராகத்திலேயே கேட்கும்.

ராகத்தைக் கவனித்த பிறகு எனக்கு ஒரு வழி பிறந்தது. கோபமாக, குத்தலாக, சலிப்பாக ஒலிக்கும் வாக்கியம் என்றால் முதலில் கேட்பேன்: இது யார் பேசுவது? பெரும்பாலும் ஒரு முகம் தெரியும். முகம் தெரிந்ததும் அது தீர்ப்பாக இருந்த நிலை மாறி, ஒருவருடைய கருத்தாகிவிடும்.

அம்மா என்னைப் "பாப்பா" என்பார், இப்போதும். தேர்வுக்குப் படித்த காலத்தில் தானாகவே அந்தப் பெயரில் என்னைக் கூப்பிட ஆரம்பித்தேன். "பாப்பா, இந்த ஒரு கணக்கு. போட்டுட்டு எழுந்திரு." "பாப்பா, தப்பாயிடுச்சு, எந்த வரியில் தப்பாச்சு பார்." சத்தமில்லாமல், உதடு மட்டும் அசையும். "நான் சாதிப்பேன்" என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்ததைவிட இது எனக்கு ஆயிரம் மடங்கு உதவியது. மனசார எழுதுகிறேன்.

6 பிப்ரவரி

தன்னைத் தானே பெயர் சொல்லிக் கூப்பிடுவது வினோதமாக இல்லையா என்று ஒரு தம்பி கேட்கிறார்.

இல்லை தம்பி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸ் 2014இல் இதைத்தான் ஆராய்ந்தார். தயாராகக் கொஞ்ச நேரமே கொடுத்து மற்றவர்கள் முன்னால் பேச விட்டார்கள். ஒரு குழு அந்த நேரத்தில் "நான் ஏன் பதறுகிறேன்" என்று தனக்குள் பேசியது. இன்னொரு குழு தன் பெயரைச் சொல்லி, "நீ" என்று கூப்பிட்டுப் பேசியது. பெயர் சொன்னவர்கள் இன்னும் நன்றாகப் பேசினார்கள், பேசி முடித்த பிறகு வெட்கப்பட்டு அதையே நினைத்துக் குமைவதும் குறைந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஓர் அடி தள்ளி நிற்கிறோம். அடுத்தவருக்கு யோசனை சொல்லும்போது நமக்கு இருக்கும் நிதானம் அப்போது நமக்கே கிடைக்கிறது.

நமக்கு இது புதிதும் இல்லை. திருக்குறளின் 125ஆம் அதிகாரத்துக்குப் பெயரே நெஞ்சொடு கிளத்தல். "நினைத்தொன்று சொல்லாயோ நெஞ்சே" என்று தொடங்கும் குறளில், காதல் நோயில் தவிக்கிற பெண் தன் நெஞ்சையே எதிரில் உட்கார வைத்து, இந்த நோய்க்கு யோசித்து ஒரு மருந்து சொல்லேன் என்கிறாள். சங்கப் பாடல்களிலும் "நெஞ்சே" என்று கூப்பிட்டுப் பேசுகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் யாரும் நெஞ்சிடம் "நீ வெற்றியாளர்" என்று சொல்வதில்லை. கேட்கிறார்கள், கடிந்துகொள்கிறார்கள், தேற்றுகிறார்கள். கூட வாழ்கிற ஓர் ஆளிடம் பேசுகிற பேச்சு அது.

6 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

விட்டுப்போன ஒன்று. பெயர் சொன்னால் மட்டும் போதாது, தொனியும் வேண்டும். "ஏண்டி முட்டாள்" என்று தன் பெயரோடு சேர்த்துத் திட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். உங்களிடம் பாசமாகப் பேசிய ஒருவரின் குரலைத் தேர்ந்தெடுங்கள். அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஒரு டீச்சர், தாத்தா, பக்கத்து வீட்டு அக்கா, யாராகவும் இருக்கலாம்.

8 பிப்ரவரி

தேர்வு அறையில் நெஞ்சு படபடவென்று அடிக்கும்போது என்ன சொல்வது? இதைப் பலர் கேட்டுவிட்டீர்கள்.

"பதறாதே, அமைதியாக இரு" என்பதுதான் எல்லோரும் சொல்வது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட சோதனைகளில் சிலரை முன்பின் தெரியாதவர் எதிரே பாட வைத்தார், சிலரை மேடைப்பேச்சு பேச வைத்தார், சிலரைக் கணக்குப் போட வைத்தார். தொடங்குவதற்கு முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "எனக்கு ஆர்வமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் மேலாகச் செய்தார்கள். பதற்றத்திலும் ஆர்வத்திலும் உடம்பு ஒரே மாதிரிதான் துடிக்கிறது. துடிக்கிற உடம்பை அமைதி என்று கூப்பிட்டால் அது ஒத்துக்கொள்ளாது. "உடம்பு தயாராகிறது" என்றால் ஒத்துக்கொள்ளும். நான் நூலகத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது இந்த இரண்டு வார்த்தைதான்.

அப்புறம் தேர்வுக்கென்றே ஒன்று. வட்டத்தைக் கருப்பாக்கி விடை குறிக்கும் ஓஎம்ஆர் தாளில் ஐந்தாவது வட்டம், "விடை தெரியவில்லை", 2020லிருந்து இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதைக் கருப்பாக்கவே மனசு வராது, ஏதோ தோல்வியை ஒப்புக்கொள்வது போலத் தயங்குவார்கள். 3 மணி நேரம், 200 கேள்வி. தெரியாத ஒன்றில் நாலு நிமிடம் போனால் தெரிந்த நாலு கேள்வி கையை விட்டுப் போகும். கேள்வியைப் படித்து, தள்ள முடிந்த விடைகளைத் தள்ளிப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லையா? "இது தெரியாது. அடுத்தது." இதுவும் நல்ல சுயபேச்சுதான். "எனக்கு ஒன்றுமே தெரியாது" என்பதற்கும் "இது தெரியாது" என்பதற்கும் நடுவில் ஒரு தேர்வே இருக்கிறது.

9 பிப்ரவரி

வண்டியை எடுக்கும்போது பயம் போக என்ன வாசகம் சொல்வது என்று ஸ்கூட்டி ஓட்டப் பழகும் ஓர் அம்மா கேட்டிருக்கிறார். உங்களுக்குத் தைரிய வாசகமே வேண்டாம் அம்மா. "கண்ணாடி பார், இண்டிகேட்டர் போடு, பிரேக்கில் விரல்" என்று செய்ய வேண்டியதை மட்டும் சொல்லுங்கள். விளையாட்டு வீரர்களின் சுயபேச்சு பற்றிய 32 ஆய்வுகளைத் திரட்டி கிரேக்க ஆய்வாளர் ஹட்சிஜார்ஜியாடிஸ் குழு 2011இல் எழுதியதில், நுணுக்கமான கைவேலைக்கு இப்படி அறிவுறுத்தும் பேச்சு ஊக்கப் பேச்சைவிட உதவுகிறது என்று வந்தது. பைபாஸுக்கு அப்புறம் போகலாம், முதலில் தெருமுனை வரை.

11 பிப்ரவரி

"வீட்டில் நல்ல வார்த்தையே பேசு, நெகட்டிவாகப் பேசினால் அப்படியே நடந்துவிடும் என்று பாட்டி திட்டுகிறார். உண்மையை மட்டும் சொல் என்று நீங்கள் சொல்கிறீர்கள். யார் சொல்வதைக் கேட்பது?"

இரண்டையும் கேட்கலாம். அரிசி தீர்ந்துவிட்டால் நம் வீடுகளில் "இல்லை" என்று சொல்வதில்லை, "அரிசி நிறைஞ்சிருக்கு" என்பார்கள். கேட்டவர் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார். வார்த்தை மங்கலமாக இருந்தது, நிலவரம் யாருக்கும் மறைக்கப்படவில்லை, அடுத்து செய்ய வேண்டியதும் தெரிந்தது. பாட்டி காலத்து நல்ல வார்த்தை அப்படிப்பட்டது. அரிசிப் பானை காலியாக இருக்க, உண்மையிலேயே நிறைந்திருக்கிறது என்று எல்லோரும் உட்கார்ந்திருந்தால்தான் ஆபத்து. கண்ணாடி முன் சொல்லும் பல வாசகங்கள் அந்த வகை.

பாட்டியோடு வாதம் பண்ணாதே தம்பி. உன் பயத்தை அவர் எதிரில் சொல்ல முடியவில்லை என்றால் ஒரு நோட்டில் எழுது. பயத்தைச் சொல்ல ஓர் இடம் வேண்டும், கட்டாயம் வேண்டும்.

14 பிப்ரவரி

3ஆம் தேதி சொன்ன கனடா ஆய்வைப் பற்றி ஒரு விவரம் சேர்க்க வேண்டும். 2020இல் வேறொரு குழு அதை மறுபடி செய்து பார்த்தபோது அந்தத் தீய விளைவு கிடைக்கவில்லை. ஆகவே "பாசிட்டிவ் வாசகம் தீங்கு" என்று இதை எடுத்து யாரும் வாட்ஸ்அப்பில் சுற்ற விட வேண்டாம். உங்களுக்குக் கண்ணாடி வாசகம் தெம்பு தருகிறதென்றால் தாராளமாகச் சொல்லுங்கள். ஒரு வாரம் சொல்லிப் பாருங்கள், சொன்ன பிறகு புத்தகத்தைத் திறக்க மனம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது உங்களுடையது. தங்கச்சிக்கு வரவில்லை. அவளுக்கு இந்த ஒரு சாட்சியே போதும்.

15 பிப்ரவரி, இரவு

தேர்வை விட்டுக் கொஞ்சம் வெளியே வருகிறேன். வேலை கிடைத்த பிறகும் இந்தப் பேச்சு நிற்பதில்லை.

எங்கள் மாதிரி அலுவலகங்களில் கவுண்டருக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் ஏற்கெனவே அலைந்து களைத்து வருகிறார்கள். சான்றிதழ் தாமதமானால் முன்னால் இருப்பவரைத்தான் திட்டுவார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான். ஆனால் ராத்திரி படுத்ததும் அந்த வார்த்தைகள் திரும்ப ஓடும். கூடவே நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள், அதற்கு அவர்கள் சொல்லியிருப்பது, அதற்கு நான், இப்படியே ஒரு மணி ஆகும்.

அங்கே "நான் நல்லவள்" என்பதால் ஒரு பயனும் கிடைத்ததில்லை. உதவியது ஆரன் பெக்கின் வழி. 1960களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வு உள்ளவர்களைக் கவனித்த மனநல மருத்துவர் அவர். நம் அனுமதி இல்லாமலே சடசடவென்று வந்து விழும் எண்ணங்கள் உண்டு, அவற்றை அப்படியே நம்பாமல் நிறுத்தி விசாரிக்கலாம் என்றார். நான் விசாரிப்பது இப்படி: "பாப்பா, அவர் சொன்னது என்ன? நீ சேர்த்துக்கொண்டது என்ன?" அவர் சொன்னது "மூணு வாரமா அலைய விடுறீங்க". "நீ லாயக்கில்லாதவள்" என்பது நான் சேர்த்துக்கொண்டது. பிரித்ததும் மிச்சம் இருப்பது ஒரு வேலை: காலையில் அந்தக் கோப்பு எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பல இரவுகள் அதற்குப் பிறகு தூக்கம் வந்திருக்கிறது. வராத இரவுகளும் உண்டு.

18 பிப்ரவரி

ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு மனசு கனத்துப் போயிருக்கிறது. அவருக்கும், சொல்லாமல் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் எழுதுகிறேன்.

பல நாளாகத் தூக்கம், சாப்பாடு இரண்டும் கெட்டிருந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், இருந்தென்ன போயென்ன என்று தோன்றினால், சுயபேச்சை நம்பிக் காத்திருக்காதீர்கள். அந்த நிலையில் நமக்குள் பேசும் குரலே நோயின் குரலாக மாறியிருக்கும், அதைக்கொண்டு அதைத் திருத்த முடியாது. இன்னொரு மனிதரின் குரல் வேண்டும். 14416, மத்திய அரசின் டெலிமனஸ், 2022 அக்டோபரில் தொடங்கியது. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், காசில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. கூட யாராவது ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். இன்றைக்கே.

20 பிப்ரவரி

"என் நாலு வயது மகள் விளையாடும்போது தனியாகப் பேசிக்கொண்டே இருக்கிறாள், டாக்டரிடம் காட்ட வேண்டுமா" என்று ஓர் அப்பா. பேச்சு எங்கேயோ போகிறது, போகட்டும், எனக்குப் பிடித்த விஷயம் இது.

அந்த வயதில் அது இயல்பு. ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி இதை மிக அழகாக விளக்கினார். பெரியவர்கள் குழந்தையிடம் பேசுவதைக் குழந்தை முதலில் வாங்குகிறது, பிறகு தனக்கே உரக்கச் சொல்லிக்கொள்கிறது, கடைசியில் அந்தப் பேச்சு உள்ளே போய் எண்ணமாகிறது என்றார். வேலை கடினமானால் குழந்தைகள் கூடுதலாகத் தனக்குத் தானே பேசுவதையும் அவர் கண்டார். 1934இல், 37 வயதில் காசநோயில் இறந்துபோனவர்.

உங்கள் மகள் கட்டையை அடுக்கும்போது என்ன சொல்கிறாள் என்று ஒட்டுக் கேளுங்கள். சரிந்ததும் "பரவால்ல, மறுபடி வைக்கலாம்" என்கிறாளா, "எப்பப் பாரு கீழ போட்டுடுற" என்கிறாளா? எதுவானாலும் பெரும்பாலும் அது வீட்டிலிருந்து போனதாகத்தான் இருக்கும். அவளை நிறுத்த வேண்டாம்.

24 பிப்ரவரி

தங்கச்சி தனக்காக எழுதிய மூன்று வாக்கியங்களை அனுப்பியிருக்கிறாள். பதிவிட அனுமதியும் தந்திருக்கிறாள்.

முதலாவது: "கவிதா, தமிழ்ப் பகுதியில் உனக்குப் பயமில்லை, அதை நீயே சம்பாதித்தாய்." கவிதா என்பது அவள் வைத்துக்கொண்ட புனைபெயர். இந்த வாக்கியத்தில் கை வைக்க மாட்டேன். 100 கேள்வி தமிழில், அவள் மாதிரித் தேர்வு மார்க்கும் அதைத்தான் சொல்கிறது.

இரண்டாவது: "கவிதா, இன்றைக்குள் வரலாறு முழுவதும் முடித்துவிடுவாய்." முழுவதும் முடியாது. ராத்திரி பத்து மணிக்கு இந்த வாக்கியம் உன்னைத் திட்டும். "இன்றைக்குப் பல்லவர் பாடம், பிறகு பழைய கேள்வித்தாள்" என்று மாற்று. முடிகிற அளவுக்கு எழுது.

மூன்றாவது: "கவிதா, நீ தோற்க மாட்டாய்." இதை எடுத்துவிடு. பதிலுக்கு ஒரு கேள்வி வைத்துக்கொள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2010இல் ஒரு சோதனை செய்தார்கள். "செய்வேன்" என்று தீர்மானமாகச் சொல்லிக்கொண்டவர்களைவிட "செய்வேனா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டவர்கள் எழுத்துப் புதிர்களைக் கூடுதலாக விடுவித்தார்கள். கேள்வி கேட்டால் மனசு காரணம் தேடத் தொடங்குகிறது. "கவிதா, இன்றைக்கு உட்காருவாயா?" என்று கேள். "உட்காருவேன், ஏனென்றால்" என்று ஒரு வரி பதில் எழுது. ஒவ்வொரு நாளும் காரணம் மாறினாலும் சரி.

கோச்சிங் சென்டரில் எல்லோரும் கத்தும்போது என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறாய். வரிசையில் நில், உன் முதல் வாக்கியத்தை மெதுவாகச் சொல்லிக்கொள். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு முடிந்ததும் மார்க்கை அனுப்பு, இரண்டாவது வாக்கியத்தை மறுபடி எழுதலாம்.